அசனத்துக்கு வந்த வெள்ளைக்காரர்

அந்த வெள்ளைக்காரர் மேல் எனக்கு இன்றுவரை ஒரு கோபமும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் சபைக்காரர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு, "பாவம், ஊரு பேரு தெரியாத மனுசன், அவர எதுக்கு இழுக்கா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். என் ஆத்திரம் எல்லாம் நம்மவர்கள் மேல்தான். அதில் பாதி என் மேல்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், தாராவியில் எங்கள் கிறிஸ்தவச் சபையின் அசனப் பண்டிகையில் நடந்தது இது. அசனம் என்றால், கோயில் வளாகத்தில் அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, சபையார் எல்லோரும் ஒரே பந்தியாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்தபோது எங்கள் ஆட்கள் கையோடு கொண்டுவந்த பழக்கம். அதற்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. யாராக இருந்தாலும் தரை. ரயில்வேயில் ஆபீசராக இருந்தாலும் தரை, தோல் பட்டறையில் கூலிக்குப் போனாலும் தரை, பாதிரியாருக்கும் தரை. இன்னார் இன்னாரோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்று ஊரில் ஒரு காலத்தில் இருந்த அசிங்கத்தை ஒழிக்க வந்த பந்தி இது என்று எங்கள் ஐயர் பிரசங்கத்தில் சொல்வார். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். பழைய காலத்து மிஷனரிமார் எங்களுக்கு வெள்ளைக்கார ஐயர்மார். தோல் வெள்ளையாக இருந்தால் அது மிஷனரியாகத்தான் இருக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு ரத்தத்திலேயே ஊறியிருந்தது.

ஒவ்வொரு அசனத்துக்கும் ஒருவர் ஜெபம் பண்ணி, முதல் இலையில் முதல் கை சோறு வைப்பார். அது எப்போதும் கமிட்டியில் இருக்கும் ஆண்பிள்ளைதான். அந்த வருஷம் ஐயர், என் அம்மா ஜெபம் பண்ணட்டும் என்று சொல்லிவிட்டார். கமிட்டியின் செக்ரட்டரி மாமா தலையைச் சொறிந்தாராம். "வருஷா வருஷம் குழம்புக்கு மசாலா சேக்குதது அவங்க கைதானே? அந்தக் கை ஜெபத்துக்கும் ஆகும்," என்று ஐயர் அவர் வாயை அடைத்துவிட்டாராம். அம்மாவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

அம்மா செம்பூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு, ஆனால் ஆயாக்கள் அதில் ஏறக்கூடாது. "ஏ மத்ராஸி, சீடி ஸே ஜா," என்று படியைக் காட்டுவான் வாட்ச்மேன். அவன் ஒன்றும் பால் நிறமில்லை, எங்களைப் போலத்தான் இருப்பான். ஒருநாள் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் தவறுதலாக அந்தக் கட்டடத்துக்குள் வந்துவிட, அவன் ஓடிப்போய் லிஃப்ட் கதவைத் திறந்து சலாம் வைத்தானாம். "எங்க போகணும்னுகூடக் கேக்கலட்டி, சும்மா மேல கூட்டிட்டுப் போயிட்டான்," என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அப்போது மாட்டுங்காவில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்தவர்கள் என்னைக் கறுப்பி என்று ஹிந்தியில் கூப்பிடுவார்கள், கேட்டால் செல்லமாம். வீட்டுக்கு வந்தால் எங்கள் சொந்தக்காரர்களே, "பிள்ளைக்கு எல்லாம் இருக்கு, நிறம்தான் கொஞ்சம் மட்டு," என்பார்கள். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஏற்கெனவே மூக்கு நுனியில் கோபம் இருந்தது.

அம்மா மூன்று வாரம் ஜெபத்தைத் தயார் பண்ணினாள். எழுதி வைத்துப் படிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. துணி அலசும்போது, செம்பூர் பஸ்ஸில் நின்றுகொண்டு, வெங்காயம் உரிக்கும்போது என்று எப்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் என்னை எதிரில் உட்கார வைத்து ஒப்பிப்பாள். ஒரு வார்த்தை தப்பினால் நான் கண்ணைக் காட்ட வேண்டும். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம். கருக்கல்ல எந்திரிச்சு குழாயடியில குடத்தோட நிக்கிற பிள்ளைகளப் பாரும். லிஃப்டுல ஏறக்கூடாதுன்னு சொன்னதால மூணு மாடி படியேறிப் போற முட்டிக்காலுகளப் பாரும். இந்தச் சோறு எங்க எல்லாருக்கும் ஒரே அண்டாவுல வெந்தது. நீரும் வந்து எங்க கூட தரையில உக்காரும். உமக்குன்னு தனியா நாற்காலி போட மாட்டோம், கோவிச்சுக்காதேயும். ஆமென்."

"கடைசி வரி கொஞ்சம் திமிரா இருக்கோ?" என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

அசனத்தன்று மத்தியானம், மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய வாழை இலைகளை வரிசையாக விரித்தாகிவிட்டது. அம்மா கிறிஸ்துமஸ் சேலையைக் கட்டிக்கொண்டு சமையல் பக்கம் முதல் ஆளாக நின்றாள். அப்போது சந்துக்குள்ளிருந்து பிள்ளைகள் "கோரா, கோரா" என்று கத்திக்கொண்டு வந்தார்கள். நடுவில் ஒரு வெள்ளைக்காரர். வெயிலில் சிவந்த முகம், கசங்கின ஜிப்பா, காலில் வார் அறுந்த செருப்பு, தோளில் கேமரா, கழுத்தில் உருத்திராட்சம். உருத்திராட்சம் போட்ட மிஷனரியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? எங்கள் செக்ரட்டரி மாமா பார்த்துவிட்டார்.

"ஸ்தோத்திரம் ஐயா!" என்று கையைக் கூப்பினார். எதிரில் ஒருவர் கும்பிட்டால் நாமும் கும்பிட வேண்டும் என்று அந்த மனிதர் எங்கேயோ கற்றிருப்பார் போல. அவரும் கூப்பினார். முடிந்தது கதை.

"ஏல, ஆபீஸ் ரூம்ல இருக்க அந்தக் குர்சிய எடுத்துட்டு வாங்கல, ஜல்தி!"

கைவைத்த நாற்காலி வந்தது. அந்த மனிதர் பந்தியைப் பார்த்துவிட்டு, தானாகவே காலை மடக்கித் தரையில் உட்காரப் போனார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். இரண்டு பேர் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள். எங்கள் ஐயருக்குக்கூட இல்லாத நாற்காலி. அதோடு விட்டார்களா? செக்ரட்டரி மாமா அம்மாவிடம் வந்தார்.

"யக்கா, நீங்க அடுத்த வருஷம்கூட பண்ணிக்கிடலாம்லா. இவியள் எங்க இருந்தோ வந்திருக்காவ. ஜெபத்த அவியளே பண்ணட்டுமே."

ஐயர் அம்மாவை ஒரு தடவை பார்த்தார், நாற்காலியை ஒரு தடவை பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா, "அதுக்கென்ன, பண்ணட்டும்," என்று முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மூன்று வாரத்து ஜெபம், அதுக்கென்ன!

இங்கிலீஷ் தெரிந்தவள் என்று என்னைத் தள்ளிக்கொண்டுபோய் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். நான் அவரிடம் நீங்கள் யார் என்று கேட்டேன். கொலாபாவில் ஒரு மலிவான ஓட்டலில் தங்கியிருக்கிறாராம். சயான் ஸ்டேஷனில் இறங்கி நடந்தாராம், வழி தப்பிவிட்டதாம். குழம்பு வாசனை பிடித்து உள்ளே வந்தாராம். தனக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது, தயவுசெய்து இவர்களிடம் சொல்லிவிடு என்று என்னைக் கெஞ்சினார்.

எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னேன். "இவங்க மிஷனரி இல்லையாம். சாமியே கும்பிட மாட்டாங்களாம். கறிக்குழம்பு வாசனைக்குத்தான் உள்ள வந்தாங்களாம்!"

செக்ரட்டரி மாமா கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சில் கைவைத்தார். "என்ன ஒரு தாழ்மை பாருங்க!"

பின்வரிசையில் யாரோ "அல்லேலூயா" என்றார்கள். எனக்கு அங்கேயே தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படித்தான் சொல்வது?

எல்லோரும் தலை குனிந்தார்கள். வெள்ளைக்காரர் என்னைப் பார்த்தார். சரி, இவர்களுக்காக ஏதாவது சொல்கிறேன் என்பது போல் தோளைக் குலுக்கிவிட்டு, தனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது, சாப்பாட்டுக்கு நன்றி, காரம் அதிகமாக இருக்காது என்று நம்புகிறேன் என்று இங்கிலீஷில் முணுமுணுத்தார். அவ்வளவுதான். இப்போது நான் தமிழில் சொல்ல வேண்டும். கூட்டம் காத்திருந்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள், உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல் தன் ஜெபத்தைத் தனக்குள்ளேயே பண்ணிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வார்த்தைகள் இத்தனை பேர் காதில் விழாமலே போகக்கூடாது என்று தோன்றியது. வாயைத் திறந்தேன்.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம். கருக்கல்ல எந்திரிச்சு குழாயடியில குடத்தோட நிக்கிற பிள்ளைகளப் பாரும்..."

இரண்டாவது வரியில் அம்மாவின் உதடு நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சந்தோஷத்தில் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, முட்டாள் நான், இன்னும் சத்தமாகச் சொன்னேன். தனி நாற்காலி போட மாட்டோம் என்கிற வரியை அந்த நாற்காலியை முறைத்துக்கொண்டே சொன்னேன். ஒருத்தருக்காவது உறைக்கட்டும் என்று.

ஆமென் சொல்லி நிமிர்ந்தபோது பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "எப்பா, என்ன ஜெபம்! வெள்ளைக்காரர் வெள்ளைக்காரர்தான்யா," என்றார் ஒருவர். "நம்ம குழாயடி பாடு அவியளுக்கு எப்படித் தெரிஞ்சிது?" என்று ஒரு அத்தை கேட்க, "ஆண்டவர் வெளிப்படுத்தியிருப்பாரு," என்று செக்ரட்டரி மாமா விளக்கம் கொடுத்தார். "நாற்காலி வேண்டாம்னு எவ்வளவு நாசூக்காச் சொல்லுதாரு, கவனிச்சீங்களா?" என்றும் அவரே சொன்னார். சொல்லிவிட்டு, நாற்காலிக்கு முன்னால் போடுவதற்கு ஒரு மேஜையும் கொண்டுவரச் சொன்னார்.

அந்த மனிதருக்குக் காரம் தாங்கவில்லை. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. "சபையாரப் பாத்து அவியளுக்கு அழுகையே வந்திட்டு," என்றார்கள். நான் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

வீட்டுக்கு வந்து அம்மா கிறிஸ்துமஸ் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். நல்ல காரியம் செய்தோம் என்கிற எண்ணம் எனக்கு அதுவரை இருந்தது.

"எதுக்குட்டி அதச் சொன்ன?"

"உங்க ஜெபத்த எல்லாரும் கேக்கணும்னுதான்."

"கேட்டாவ. அவன் ஜெபம்னு கேட்டாவ. நீ சொல்லாம இருந்திருந்தா அது எங்கிட்டயாவது இருந்திருக்கும்லா," என்றாள். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே செக்ரட்டரி மாமாவைப் பிடித்து, அது அம்மாவின் ஜெபம் என்று நடந்ததை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பொறாமைப்படக்கூடாதும்மா," என்றார். ஐயரிடம் போனேன். அவர் நம்பினார், அது அவர் முகத்திலேயே தெரிந்தது. "இப்பம் போய் அதக் கிளறினா சனங்களோட விசுவாசம் கெட்டுப்போகும்," என்று அவரும் முடித்துக்கொண்டார். உருத்திராட்சக்காரர் மேல் அப்படி என்ன விசுவாசமோ.

அடுத்த வருஷம் சொன்னபடி அம்மாவுக்கு ஜெபம் கொடுத்தார்கள். வேறு ஜெபம் பண்ணுங்கள் என்று நான் தலைகீழாக நின்று பார்த்தேன். "வேற எதுக்கு? எனக்குள்ளது இதுதான்," என்றாள். அன்றைக்குப் பந்தியின் முகப்பில் அதே கைவைத்த நாற்காலி போட்டிருந்தது. யாரும் வந்திருக்கவில்லை. வந்தால் இருக்கட்டுமே என்று செக்ரட்டரி மாமா போட்டு வைத்திருந்தார்.

அம்மா ஒரு வார்த்தை பிசகாமல் ஜெபித்தாள். நான் கண்ணைக் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆமென் சொல்லி அவள் நிமிர்ந்ததும் செக்ரட்டரி மாமா கண்கலங்கி எழுந்து நின்றார்.

"பாருங்கய்யா, போன வருஷம் வெள்ளைக்கார ஐயா பண்ணின ஜெபத்த ஒரு எழுத்து விடாம மனப்பாடம் பண்ணி வச்சிருக்காவ நம்ம யக்கா!"

எல்லோரும் கைதட்டினார்கள். நான் துள்ளி எழுந்தேன். அம்மா கையமர்த்தினாள். நேராகப் போய் அந்த நாற்காலியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தாள்.

"தனி நாற்காலி போட மாட்டோம்னு இப்பதானே ஜெபம் பண்ணுனேன்? எடுங்க இத."

செக்ரட்டரி மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆமாய்யா! போன வருஷமே அவியள் சொன்னாவ, நாமதான் காதுல வாங்கல." அவரே ஓடிவந்து நாற்காலியை ஒரு பக்கம் பிடித்தார். அம்மா விட்டுவிட்டாள். அவர் அதைப் பயபக்தியோடு ஆபீஸ் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

அம்மா முதல் இலையில் முதல் கை சோறு வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"நாற்காலி போயிட்டுல்லா, சாப்பிடுட்டி," என்றாள். அவள் கையும் சோற்றை எடுக்காமல் இலையில் அப்படியே இருந்தது.