ஒரே மிஷினில் தேறிய சோதனைகள்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் சாஃப்ட்வேர் பிரிவுக்கு நான் பொறுப்பாளன். துணி துவைத்தால் எவ்வளவு சுருங்குமோ அதைக் கூட்டி, வெட்ட வேண்டிய அளவைக் காட்டும் புரோகிராம் எங்களுடையது. அதைக் கட்டிங் அறையில் நிறுவிய முதல் வாரத்திலேயே, ஒரு நாள் காலை, வெட்டித் தைத்து அலசிய பனியன் லாட் முழுவதும் ஒரு சைஸ் சிறுத்துக் கிடந்தது.

முதலாளி என்னையும் கட்டிங் மாஸ்டர் யூசுப்பையும் அழைத்தார்.

“ஸ்க்ரீன்ல காட்டுன அளவத்தானுங்க வெட்டுனேன். சார் எங்க கம்ப்யூட்டர் மிஷின்ல ஒருக்கா வந்து பாக்கட்டுமுங்க,” என்றார் அவர்.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. “தேவையில்லீங்க. புரோகிராம் டெஸ்ட் எல்லாமே பாஸ்,” என்றேன்.

“அப்பறமென்னங்க மாஸ்டர், நாளையிலிருந்து வர வேண்டாமுங்க,” என்றார் முதலாளி.

யூசுப் கழுத்திலிருந்த அளவு டேப்பை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

புரோகிராம் சரியாகக் கணக்கிடுகிறதா என்று பார்க்கும் அந்த டெஸ்ட் அனைத்தும் ஓடியது எங்கள் பிரிவின் ஒரே கம்ப்யூட்டரில். வேறொன்றைத் தயார்செய்ய நான்கு நாள் ஆகும் என்பதால் யாரும் முயலவில்லை. நானோ அந்த ஒரே மிஷினைக் கருவறைபோல் காத்தேன். ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இட்டதோடு, அதைத் துடைத்து ஃபார்மெட் செய்வது அபசாரம் என்றும் சொல்லி வந்தேன்.

புதிதாகச் சேர்ந்த செல்வி மட்டும் நிறுவும் சிடியைக் கொண்டு தன் கம்ப்யூட்டரைத் தயார்செய்து ஓட்டிப் பார்த்தாள்; அதில் எட்டு டெஸ்ட் ஒரு வாரமாகத் தோற்றன. “உன் மிஷினைச் சரி பண்ணு அம்மிணி” என்றே நான் கடிந்து வந்தேன். யூசுப் போன மறுநாள் அவள் கட்டிங் அறைக்குப் போய் வந்தாள்.

“சார், எட்டுமே சுருக்கக் கணக்குங்க. கட்டிங் ரூம் கம்ப்யூட்டர்லயும் என்ர மிஷின்ல வர்ற அதே தப்பு நம்பர்தானுங்க வருது.”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. சுருக்க அட்டவணையை முன்பொரு நாள் நான் கையால் தட்டச்சு செய்து, அந்த ஒரு மிஷினில் மட்டும் வைத்திருந்தேன். நிறுவும் சிடியில் அது இல்லை. அட்டவணை கிடைக்காத இடத்தில் புரோகிராம் சுருக்கத்தைப் பூஜ்யம் என்று கொண்டு, சத்தமில்லாமல் ஓடியிருக்கிறது. என் பிழை பொறுக்க நாள்தோறும் இறைவனை இறைஞ்சியவன், என் பிழையை இன்னொருவர் தலையில் ஏற்றியிருந்தேன்.

முதலாளியிடம் அனைத்தையும் ஒப்புக்கொண்டு, சாமளாபுரத்தில் யூசுப் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன்.

“கோட்டையா சார் கேட்டேன்? பத்தடி நடந்து வந்து பாருங்கன்னுதானுங்க கேட்டேன்,” என்றார்.

அதன்பின் அட்டவணை உட்பட எல்லாவற்றையும் ஒரே சிடியில் சேர்த்தோம். வெற்று மிஷின் ஒரு மணி நேரத்தில் தயாரானது. சிறிய டெஸ்ட்களை அவரவர் இடத்திலேயே ஓட்டினோம். நெடுநேரம் பிடிக்கும் முழுச் சோதனையை, சனிக்கிழமைதோறும் துடைத்து நிறுவிய மிஷினில் ஓட்டினோம். எத்தனை சோதனை என்பதைவிட, அதை எவரும் எங்கும் திரும்பச் செய்து பார்க்க முடிகிறதா என்பதே முக்கியம் என்று கற்றேன்.

யூசுப் வேலைக்குத் திரும்பினார். ஆனால் ஒவ்வொரு லாட்டிலும் முதலில் ஒரே ஒரு பனியனை வெட்டி, தைத்து, அலசி, காயவைத்து அளந்த பிறகே மற்றதைத் தொட்டார். அரை நாள் போகும். யாரும் அவரைத் தடுக்கவில்லை.