கழுதைப்புலி வாயில் பூசிய கொழுப்பு

ஆந்திர எல்லைப் புத்தூரில் என் வீட்டு மாடி அறையில் ஆப்பிரிக்காவிலிருந்து இஞ்சினியரிங் படிக்க வந்த பையன் ஒருவன் குடியிருந்தான். சாப்பாடும் என் கையால்தான். சாப்பிட்டுக்கொண்டே அரைகுறைத் தெலுங்கில் அவன் ஊர் மிருகக் கதைகளைச் சொல்வான். பொய் சொன்ன மிருகம் எதுவும் அவற்றில் முழு உடம்போடு தப்பாது. ஒன்றுக்கு வால் போகும், ஒன்றுக்குக் காது போகும்.

ஒரு கதையில் மட்டும் அப்படி நடக்கவில்லை. மிருகங்கள் பொதுவில் வைத்திருந்த கொழுப்புப் பானையை முயல் திருட்டுத்தனமாக நக்கித் தீர்த்துவிட்டு, மிச்சத்தைத் தூங்கிக்கொண்டிருந்த கழுதைப்புலியின் வாயில் பூசிவிட்டது. எல்லாம் கூடிக் கழுதைப்புலியை அடித்தே கொன்றன. யாருமே பார்க்கவில்லையா என்று கேட்டேன். ஆமை பார்த்ததாம். முயல் அதற்கு வேண்டப்பட்டது என்று பேசாமல் இருந்துவிட்டதாம்.

"அதும் வாய்ல இன்னா, கொழுக்கட்டையா இருந்துச்சி?" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

அந்த வருஷம் கங்கம்மா கோயில் ஜாத்திரைக்கு ஊரார் நேர்ந்துவிட்ட கிடா காணாமல் போனது. மறுநாள் காலையில் அதன் தலையும் எலும்பும் எங்கள் மாடிப்படிக்கு அடியில் மூட்டையாகக் கிடந்தன. தெருவே திரண்டது. பையனைக் காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். ஒவ்வொரு படியிலும் அவன் தலை மோதிய சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. விறகுக்கட்டை, செருப்பு, கைக்குக் கிடைத்ததெல்லாம் அவன்மேல் விழுந்தது. நான் இல்லை, நான் இல்லை என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே இருந்தான். பல் உடைந்த பிறகு அதுவும் சரியாக வரவில்லை. அடித்தவர்களில் என் மகனும் இருந்தான். அவன் குரல்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது.

தடுக்க ஓடினேன். அப்போதுதான் மூட்டைத் துணியைப் பார்த்தேன். என் பழைய சேலைக் கிழிசல். வண்டி துடைக்க வேண்டுமென்று முந்தின நாள் மகன் என்னிடம் வாங்கிப் போனது. ராத்திரி பசியில்லை என்று சாப்பிடாமல் படுத்தவனும் அவன்தான். நான் துணியைப் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"நீ உள்ள போம்மா" என்றான்.

ஒருவன் பையன் தலைக்கு நேரே கல்லைத் தூக்கிவிட்டான். நான் குறுக்கே விழுந்தேன்.

"இது என் பொடவ. நேத்து வாங்கிக்கினு போனவன் இவன். கிடாவத் துன்னவன நான் பெத்து வெச்சிக்கினு கீறேன், ஊரான் புள்ளய எதுக்குடா கொல்றீங்க?"

கல் கீழே விழுந்தது. அப்புறம் என் மகன் பக்கம் திரும்பினார்கள். அதே விறகுக்கட்டைதான். அம்மா என்று கத்தினான். அவன் கை முறிந்த சத்தமும் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. பையன் தலையை மடியில் வைத்து, காதிலிருந்து வழிந்த ரத்தத்தை முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையை எடுத்தால் போய்விடுவான் என்று தோன்றியது.

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் அவன் பிழைத்தான். ஒரு காது கேட்காமல் போனது. படிப்பை முடித்துவிட்டு ஊருக்குப் போனான்.

என் மகன் இப்போது நகரியில் தறி ஓட்டுகிறான். முறிந்த கை கோணலாகத்தான் கூடியது. ஜாத்திரைக்கு வந்தால் எதிர்வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். என் வாசலைத் தாண்டும்போது இந்தப் பக்கம் திரும்புவதில்லை. அவன் போய் முடியும்வரை நான் வாசலில்தான் நிற்கிறேன், தலையை நிமிர்த்திக்கொண்டு.