லூசேர்னில் வாங்கிய மணிக்கூடு

வியாழக்கிழமை மாலை ஐந்து இருபதுக்கு லா ஷப்பேல் மெட்ரோவிலிருந்து தெருவில் இறங்கினேன். முதலில் கண்ணில் பட்டது முருங்கைக்காய். ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு காரின் பின்பெட்டியில் செய்தித்தாள் விரித்து, நான்கு நான்காகக் கட்டி அடுக்கியிருந்தார்கள். கட்டு பதினெட்டு பிராங்க். நம் பணத்தில் முப்பது ரூபாய்க்கு மேல். வாங்கியவர்கள் யாரும் பேரம் பேசவில்லை.

1986 அக்டோபர். பாரிஸில் இதுவரை நான் பார்த்தவற்றில் இந்தத் தெருவுக்குத்தான் வழிகாட்டிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. தலைக்கு மேலே பாலத்தில் மெட்ரோ ஓடுகிறது. கீழே இரண்டு மளிகைக் கடைகள், ஒரு வீடியோ கடை. முன்பு ரொட்டிக் கடையாக இருந்த ஓர் இடத்தில் இப்போது இடியப்பம் விற்கிறார்கள். பேச்சு முழுவதும் யாழ்ப்பாணத் தமிழ்.

எனக்காகக் காத்திருந்தவர் சிவராசா. வயது இருபத்தெட்டு. ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். சென்னையில் என் அடுத்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் நமசிவாயம் தம்பதியின் ஒரே மகன். நமசிவாயம் இலங்கையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். வீட்டில் நேரம் பார்க்க எதுவும் கிடையாது. தினமும் காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "தம்பி, நேரம் என்ன?" என்று என்னிடம் கேட்பார். சொன்னதும் தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

மறுநாள் நான் சுவிட்சர்லாந்து போகிறேன் என்று தெரிந்ததும் சிவராசா ஐந்நூறு பிராங்க்கை மடித்து என் சட்டைப்பையில் வைத்தார்.

"அண்ணை, அப்பாவுக்கு ஒரு மணிக்கூடு வாங்கிக்கொண்டு வாங்கோ. வெளிக்கிடேக்கை சொல்லிப்போட்டு வந்தனான். மூண்டு வருசமாச்சு. தபாலிலை போட்டால் போய்ச் சேராது. நீங்கள் கையிலை குடுத்தால்தான் உண்டு."

"பெரிசா வேணுமா, சின்னதா?"

"சின்னன் காணும். வடிவா இருக்கவேணும்."

வெளிக்கிடேக்கை என்றால் புறப்படும்போது, காணும் என்றால் போதும், வடிவு என்றால் அழகு. மூன்றும் எனக்குத் தெரிந்த சொற்கள். மேலே பாலத்தில் மெட்ரோ போனது. வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கார் தெ லெஸ்த் நிலையத்திலிருந்து புறப்பட்டேன். லா ஷப்பேலிலிருந்து அது நடக்கும் தூரம். பாஸல் வரை சுமார் ஐந்து மணி நேரம். அங்கே வண்டி மாறி ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் போனால் லூசேர்ன். எல்லையில் ஓர் அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். ஒரே ஒரு முறை நுழையும் அனுமதி. முத்திரை குத்தித் திருப்பித் தந்தார். பெட்டியில் மூன்றாவது இருக்கையில் இருந்த இளைஞனை மட்டும் கீழே இறங்கச் சொன்னார்கள். வண்டி புறப்படும்வரை அவன் திரும்பி ஏறவில்லை.

சனிக்கிழமை முழுவதும் கடைகள். லூசேர்னில் மரப்பாலத்தையும் ஏரியையும் பார்க்க அரை மணி போதும். கடைகளுக்கு ஒரு நாள் போதாது. பால் பவுடர் நிறத்தில் மலை, அதன் கீழே கைக்குட்டை, தட்டு, தீப்பெட்டி, பேனா, எல்லாவற்றிலும் மறுபடி அதே மலை. மாட்டு மணிகளை அளவுவாரியாகத் தொங்கவிட்டிருந்தார்கள். விரலளவு மணி பதினான்கு சுவிஸ் பிராங்க், ஏறக்குறைய நூறு ரூபாய். நிஜ மாட்டின் கழுத்தில் கட்டக்கூடியது அதைப்போலப் பத்து மடங்கு. சாக்லேட்டைக் கடைகளைவிடப் பல்பொருள் அங்காடியில் வாங்குவது பாதி விலை. அதைச் சொன்னவர் என் விடுதிக்கார அம்மாள். பேனாக்கத்தி வாங்குகிறவர்கள் இலவசமாகப் பெயர் பொறித்துக்கொள்ளலாம். தமிழில் முடியாது என்றார்கள்.

ஏரிக்கரைச் சதுக்கத்தில் வரிசையாகக் கைக்கடிகாரக் கடைகள். கண்ணாடிக்குள் நீல வெல்வெட்டின் மேல் நூற்றுக்கணக்கில் கிடந்தன. அவற்றைக் கடந்து போனேன்.

நான் தேடியது ஒரு சந்துக்குள் இருந்தது. மரத்தில் செய்த சிறு வீடு. கூரைக்குக் கீழே கதவு. மணி ஆனதும் கதவு திறந்து குயில் ஒன்று வெளியே வந்து கூவிவிட்டு உள்ளே போனது. மணி அடிக்கிறது, கூடு இருக்கிறது, கூட்டுக்குள் பறவையும் இருக்கிறது. மணிக்கூடு! யாழ்ப்பாணத்துக்காரர்கள் எவ்வளவு துல்லியமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று வியந்தேன்.

கடைக்காரப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரிந்தது. பல கடிகாரங்களின் முதுகில் மேற்கு ஜெர்மனி என்று இருந்ததைக் காட்டினேன்.

"காடு மாதிரி செதுக்கியிருப்பது அவர்களுடையது. வீடு மாதிரி இருப்பது எங்களுடையது" என்றாள்.

வீடு மாதிரி இருந்தவற்றில் ஆகச் சிறியதை வாங்கினேன். எண்பத்தெட்டு பிராங்க். வாசலில் ஓர் ஆடு, ஜன்னலில் சிவப்புப் பூக்கள், கீழே இரண்டு சங்கிலிகளில் இரும்பு எடைகள். ரசீதின் பின்பக்கம் மூன்று மொழிகளில் அச்சடித்திருந்ததை அப்போது படிக்கவில்லை.

ஞாயிறு மாலை பாரிஸ் திரும்பினேன். நடைமேடை முனையில் சிவராசா நின்றிருந்தார். அன்று அவருக்கு விடுமுறை. சலவை செய்த சட்டை போட்டிருந்தார். என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். பொட்டலத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அறை நான்காம் மாடியில். ஆறு பேர் தங்குகிறார்கள். இரவு வேலைக்காரர் ஒருவர் மூலையில் போர்த்திக்கொண்டு தூங்கினார். சிவராசாவின் அறைத்தோழர் குகன் தேநீர் போட்டுத் தந்தார். பொட்டலத்தைப் பிரித்து, சுவரில் காலியாக இருந்த ஓர் ஆணியில் மாட்டினேன். எப்படி ஓடுகிறது என்று காட்ட, பெரிய முள்ளைப் பன்னிரண்டுக்கு நகர்த்தினேன். குயில் வந்தது. ஏழு முறை கூவியது.

மூலையிலிருந்து போர்வைக்குள் ஒரு குரல்: "ஆரடா அது விடியக்காலமை கோழி வைச்சிருக்கிறது?"

குகனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "டேய் சிவா, கொப்பர் இதைக் கையிலை எப்பிடியடா கட்டுவார்?" கொப்பர் என்றால் உன் அப்பா. பிறகு எடைகளைத் தூக்கிப் பார்த்து, "பரவாயில்லை, சங்கிலி இருக்கு. தோளிலை போடலாம்" என்றார்.

சிவராசா சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "அண்ணை, உங்கடை ஊரிலை கையிலை கட்டுறதுக்கு என்ன பேர்?" என்று கேட்டார்.

"வாட்ச்."

"சுவரிலை தொங்கிறதுக்கு?"

"கடிகாரம்."

"எங்களுக்கு ரெண்டும் மணிக்கூடுதான்" என்றார். "உங்களிலை பிழையில்லை."

அதன்பிறகுதான் சொன்னார். எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பை விட்டு வரும்போது, வழியில் யாரோ அவருடைய தகப்பனாரின் கையிலிருந்து மணிக்கூட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். உத்தியோகத்தில் சேர்ந்த நாள் முதல் கட்டியிருந்தது. கேட்டவனிடம், கொக்கி இறுக்கமாக இருக்கும், பார்த்துக் கழற்று என்று அவரே சொன்னாராம்.

என் விமானம் திங்கள் காலை. பாரிஸில் ஞாயிறு மாலை எந்தக் கடையும் கிடையாது. பார்பேஸ் மெட்ரோப் பாலத்துக்குக் கீழே போலி வாட்ச் விற்பார்கள் என்றார் குகன். வேண்டுமானால் சுவிஸ் என்று எழுதியும் தருவார்கள். "அப்பா கையிலை எடுத்த உடனை முதுகைத் திருப்பிப் பார்ப்பார்" என்று சிவராசா மறுத்துவிட்டார். என் எச்.எம்.டி. வாட்ச்சைக் கழற்றினேன். "அது உங்கடை நாட்டு மணிக்கூடு அண்ணை, சுவிஸிலை இருந்து எண்டெல்லோ அப்பாட்டை சொன்னனான்" என்று அதையும் என் பக்கமே தள்ளினார். குயில் கடிகாரத்தையே கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார் எண்டு அம்மா எழுதினவ."

அது உண்மை. எனக்கும் அதே வீட்டுக்காரர்தான். போன பொங்கலுக்குக் காலண்டர் மாட்ட அனுமதி கேட்டு, கிடைக்காமல், ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறேன்.

ரசீதின் பின்பக்கத்தைச் சிவராசாதான் படித்தார். மூன்று ஆண்டுகளில் அவருடைய பிரெஞ்சு அவ்வளவு தேறியிருந்தது. பதினான்கு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தது. ஐந்து மணி நேரம் பாஸல், பிறகு ஒரு மணி நேரம் லூசேர்ன். என் அனுமதி முடிந்துபோனது. அவரிடம் இருப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ரெசிப்பிசே. அகதி விண்ணப்பம் விசாரணையில் இருக்கிறது என்பதற்கான சீட்டு. அதை வைத்துக்கொண்டு பிரான்சில் இருக்கலாம், எல்லையைத் தாண்ட முடியாது.

"வேலைக்குப் போகேக்கை கார் தெ லெஸ்த் ஸ்டேஷனுக்குள்ளாலைதான் போறனான். பாஸல் எண்டு போர்டிலை ஒவ்வொரு நாளும் வரும்" என்றார்.

குயில் எட்டு முறை கூவியது. மூலையில் இருந்தவர் எழுந்து வந்து, ஊசலைக் கையால் நிறுத்திவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்தார்.

கடிகாரத்தையும் ரசீதையும் சிவராசாவே வைத்துக்கொண்டார். திங்கள் காலை கார் து நோர் நிலையம் வரை வந்து என்னை விமான நிலைய ரயிலில் ஏற்றிவிட்டார். கதவு மூடும் முன்பு சொன்னார்: "அப்பாட்டை மணிக்கூடு வாங்கியாச்சு எண்டு சொல்லுங்கோ. ஆள் கிடைக்கேக்கை வரும் எண்டும் சொல்லுங்கோ."

வண்டி வடக்கே போகப்போக அடுக்குமாடிகள் வந்தன. நம் மொழி பேசுகிற ஊருக்குத் திரும்புகிறோம் என்ற நினைப்பு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஆறுதல் தரும் என்பார்கள். எனக்கு அப்படி இருக்கவில்லை. அந்நிய மொழியில் நான் வாங்கிய எதுவும் தவறிப்போகவில்லை. சாக்லேட்டும் பேனாக்கத்தியும் கேட்டபடியே கிடைத்தன.

செவ்வாய்க்கிழமை காலை சென்னையில் பால் வாங்க வெளியே வந்தபோது நமசிவாயம் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"வந்திட்டியளோ தம்பி? பெடியனைக் கண்டனீங்களோ?"

கண்டேன், நன்றாக இருக்கிறார், கொஞ்சம் இளைத்திருக்கிறார் என்றேன். பிறகு, சொல்லச் சொன்னதைச் சொன்னேன்: "மணிக்கூடு வாங்கியாச்சாம்."

மீதியைச் சொல்வதற்குள் அவர் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு, இடது கையை மதிலுக்கு மேலே நீட்டினார்.