இரண்டு பிக்கப்பும் ஒரே பக்கம்

கொரோனா அடங்கி, டெல்லி கரோல் பாக்கில் கல்யாண ஊர்வலங்கள் மறுபடி கிளம்பிய குளிர்காலம் அது. ரொம்ப நாள் சும்மா நின்ற மாப்பிள்ளைக் குதிரைகள் டிரம் சத்தத்துக்கு மிரண்டன. ஒரு மாப்பிள்ளை என் ரிப்பேர் கடை வாசலிலேயே இறங்கி நடந்துவிட்டார். அதை விடுங்கள். அந்த வாரம்தான் ஸ்டெல்லா தன் பேஸ் கிடாரோடு வந்தாள்.

டெல்லியில் பிறந்த தமிழ்ப்பெண். ஊரடங்கில் அவளுடைய பேண்ட் கலைந்துவிட்டது. அன்று சாயங்காலம் லோதி ரோடு பக்கம் வேறொரு பேண்டில் ஆள் எடுத்தார்கள். கிடாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் இரண்டில் ஒன்று செத்திருந்தது. புதுசு போட்டு, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துக் கனமான சத்தம் தர ஒரு சுவிட்சும் வைத்தேன். தனித்தனியாக நன்றாகவே பேசின. பக்கத்துக் கடைப் பெரிய ஆம்ப்ளிஃபயரில் இரண்டையும் சேர்த்துத் திறந்தாள். அடிச்சத்தமே இல்லை, கொசு பாடியது.

“என்ன அங்கிள், இருந்த பேஸும் போயிடுச்சு! இதுக்கு அந்தக் குட்டி யுகுலேலேயை எடுத்துட்டுப் போலாமே!”

புது பிக்கப்பில் வயர் நிறம் பழையதற்குத் தலைகீழ். ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது. இரண்டு வயரை இடம் மாற்றிப் பற்றவைத்தால் போதும். சால்டரிங் அயர்னை எடுத்தேன், கரண்ட் போனது.

“ஜல்தி அங்கிள்! லேட்டாப் போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க.”

“நான் என்னம்மா பண்ண, வாயால ஊதியா பத்தவைக்க முடியும்?”

தடித்த செம்புக் கம்பியைப் பிளையரில் பிடித்து எதிர் டீக்கடை அடுப்பில் காட்டினேன். கடைக்காரர் இந்தியில் கிண்டலடித்தார்: “சாச்சா, இன்னிக்கு கிடார் பகோடாவா?”

சூடான நுனியை வயரில் வைத்ததும் ஈயம் உருகிப் பிடித்தது. ஆனால் ஆம்ப் இல்லாமல் எப்படிக் கேட்பது? அவள் நகம் கடித்தாள், எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பார்த்த காலத்து முள் மீட்டரை கிடார் ஜாக்கில் மாட்டினேன். ஒரு பிக்கப் காந்தத்தில் ஸ்க்ரூடிரைவரை ஒட்டி வெடுக்கென்று எடுத்தேன். முள் வலப்பக்கம் துடித்தது. அடுத்ததற்கும் வலப்பக்கமே; இப்போது இரண்டும் சேர்ந்தே தள்ளுகின்றன.

“கேக்காமலே எடுத்துட்டுப் போகவா?”

“முள்ளு பொய் சொல்லாது தாயி. ஓடு.”

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது போன் வந்தது. “அங்கிள், மேஜை மேல இருந்த டீ கிளாஸெல்லாம் ஆடுச்சு! ஞாயித்துக்கிழமை ரிகர்சலுக்கு வரச் சொல்லிட்டாங்க!”

பிக்கப் மாற்றுகிறவர்கள் வயர் நிறத்தை நம்பி மூடிவிடாதீர்கள். இரண்டுக்கும் முள் ஒரே பக்கம் போகிறதா என்று பாருங்கள், அதற்குக் கரண்டுகூட வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த யாராவது இந்த வேலை செய்தால் அவர் காதிலும் இதைப் போட்டுவையுங்கள்.