கட்டாடி விரிக்காத வெள்ளை

எங்கள் வீட்டை ஊரில் ராசா வீடு என்பார்கள். முல்லைத்தீவுக்கு மேற்கே, காடு பின்வாங்கிய இடத்தில், ஒரு குளத்தை நம்பிக் கிடந்த ஊர். அரண்மனை ஒன்றும் இல்லை. ஓடு போட்ட ஒரே வீடு, முற்றத்தில் இரண்டு வண்டில்கள், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தகப்பன் வழியாக வந்த, ஊருக்குத் தலைமையான உடையார் உத்தியோகம். பழைய வன்னி அரசர்களின் வழி நாங்கள் என்று ஐயா, என்னைப் பெற்ற தகப்பன், நம்பினார். ஊரும் நம்பியது. நம்புவதற்கு அந்தக் காட்டுக்குள் வேறு பெரிதாக என்ன இருந்தது?

ஐயா வெறுங்கதிரையில் இருந்து நான் கண்டதில்லை. அவர் எந்த வீட்டுக்குப் போனாலும், ஊருக்கு உடுப்பு வெளுக்கிற கட்டாடி முன்னமே அங்கே போய்க் கதிரைக்கு வெள்ளை விரித்திருப்பார். எங்கள் வீட்டுக்குப் பெரிய மனிதர் வந்தாலும் அப்படித்தான். வீட்டுக்காரர் தங்கள் கையால் விரித்தால் அது வெறும் துணி. கட்டாடி விரித்தால்தான் மரியாதை.

எனக்கு அந்த வருடம் கலியாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை முல்லைத்தீவுக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். ஒரே ஒரு தடவை பஸ்ஸுக்கு நின்றபோது கண்டிருக்கிறேன். கடற்காற்றில் மடங்கிப்போன குடையோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார், தோற்றுப்போய்த் தனக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் மாதக்கணக்காக வாழ்ந்தேன். நாள் வைப்பது ஒன்றுதான் பாக்கி.

வைகாசிப் பொங்கலன்று அது நடந்தது. கோயில் முன்றிலில் ஐயர் முதற் காளாஞ்சியை, அந்த வெற்றிலை பாக்குத் தேங்காய்த் தட்டத்தை, ஐயாவிடம் நீட்டினார். ஐயா இரண்டு கையையும் ஏந்தினார். சனத்தின் கால்களுக்கிடையால் ஒரு சின்னப் பெண்பிள்ளை நுழைந்து வந்து அவருடைய முழங்காலைக் கட்டிப் பிடித்தது.

"ஐயா, கல்கண்டு."

யார் பெத்த பிள்ளை என்று அவர் அதட்டியிருக்கலாம். சனம் சிரித்துவிட்டு விட்டிருக்கும். ஆனால் அவருடைய கை, அவரைக் கேளாமலே, மடிக்குப் போனது. கல்கண்டுத் துண்டொன்றை எடுத்துப் பிள்ளையின் வாய்க்குள் வைத்தது.

அந்தக் கையை எனக்குத் தெரியும். என் வாய்க்குள்ளும் அது அப்படித்தான் வைத்தது, நான் வளரும்வரைக்கும்.

தூரத்தில், கடற்கரைப் பெண்கள் நின்ற பக்கத்தில், ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வலைத் தகராறு தீர்க்கவென்று ஐயா மாதா மாதம் நாயாற்றுக் கடற்கரைக்கு வண்டில் கட்டிப் போனது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"ராசாவுக்கு நாயாத்திலையும் ஒரு அரண்மனை இருக்குதாக்கும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மெல்லிய சிரிப்பு, நெல்லுக்குள் காற்றுப் போவதுபோல, கடைசி வரிசைவரைக்கும் போனது.

அம்மா அன்றைக்கும் வழமைபோலச் சோறு போட்டார். தானும் சாப்பிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த கிழமை கட்டாடி பின்வாசல் படலையில் வந்து நின்றார். "கோயில்காரர் மறிச்சுப்போட்டினம், அம்மா. இஞ்ச வெள்ளை விரிக்கப்படாதாம். விரிச்சால் மற்ற வீடுகள் எனக்கு உடுப்புப் போடாதாம். நான் பிள்ளைகுட்டிக்காரன்."

"நீ போ," என்றார் அம்மா. "உன்னில என்ன பிழை?"

மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நாளில் வந்தார்கள். அம்மா விடிய எழும்பி, அலுமாரியிலிருந்து ஐயாவின் புது வேட்டித் துண்டுகளை எடுத்துக் கதிரைகளுக்குத் தானே விரித்தார். கட்டாடியின் மடிப்பு எப்படியென்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. ஓரங்கள் கோணலாகத் தொங்கின. நான் உள்கதவுக்குப் பின்னால் நின்றேன்.

மாப்பிள்ளையின் தாய் கதிரையில் இருக்கவில்லை. துணியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆர் விரிச்சது, தங்கச்சி?"

"கட்டாடிக்குச் சுகமில்லை, அக்கா," என்றார் அம்மா.

மாப்பிள்ளையின் தகப்பன் நல்ல மனிதர். தொண்டையைச் செருமினார். "உடையார், நாங்கள் பிழை பிடிக்க வரேல்லை. சனம் ஆயிரம் கதைக்கும். 'அது என்ர பிள்ளை இல்லை' எண்டு உங்கட வாயால ஒரு சொல் சொல்லுங்கோ. போதும். இப்பவே நாள் வைப்பம்."

அம்மா ஐயாவைப் பார்த்தார். கதவிடுக்கால் நானும் பார்த்தேன். சொல்லுங்கோ ஐயா, சொல்லுங்கோ. ஒரு சொல்தானே.

ஐயா எழும்பி, தன் கதிரையிலிருந்த வெள்ளையை இழுத்து எடுத்தார். வாழ்நாளில் துணி மடித்திராத கையால் அதைச் சுருட்டி நிலத்தில் வைத்தார். கதிரையின் வெறும் பிரம்பில் இருந்தார்.

"கட்டாடி சுகமாத்தான் இருக்கிறான். அந்தப் பிள்ளை என்ர பிள்ளைதான்."

தேத்தண்ணி ஆடை படிந்து அப்படியே இருந்தது. படலையடியில் அந்தத் தாய் அம்மாவிடம், "உங்கட மகளில ஒரு குறையும் இல்லை," என்று சொன்னது எனக்குக் கேட்டது. குடைக்காரரை நான் பிறகு காணவில்லை. வேறொருவரும் கேட்டு வரவுமில்லை.

உடையார் உத்தியோகமும் பிறகு அரசாங்கத்தால் எடுபட்டுப் போனது. போகும்போது அதைக் கவனிக்க ஊரில் ஆளில்லை. ராசா பொய் சொல்லக்கூடாது என்ற திமிரா, நாயாற்றுக் குஞ்சின்மேல் வைத்த பாசமா? இந்த வயதிலும் இரவில் எழுந்து நடந்து, நடந்து, அதைத்தான் கேட்கிறேன். எதுவாக இருந்தாலும் அதற்கு விலையாக என்னை அல்லவா கொடுத்தார்.

அன்றைக்கு அவர்களுடைய வண்டில் போன பிறகு, வெள்ளைகளை எடுக்க நான் விறாந்தைக்கு வந்தேன். ஐயா அந்தக் கதிரையிலேயே இருந்தார். நான் அவருடைய கதிரையடிக்குக் குனிந்தபோது அவர் கை மடிக்குப் போய் வந்தது. உள்ளங்கையில் ஒரு கல்கண்டு.

"இந்தா, பிள்ளை."

நான் வாங்கவில்லை. சுருண்டு கிடந்த வெள்ளையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பிறகு அவர் கல்கண்டைக் கதிரைக் கையில் வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். விடிய நான் கூட்ட வந்தபோது, அந்தக் கதிரை முழுக்க எறும்பு.