திருப்பு மொளெயும் மொளெதான்

மூக்கண்டப்பள்ளியில் நான் குடியிருந்த அறையின் ஒரு பக்கச் சுவர், சுவரே இல்லை. பலகை. ஓசூர் கம்பெனிகளுக்குப் புது மிஷின்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. மிஷின் உள்ளே போகும். அதைச் சுமந்து வந்த பெட்டி மரம் ஏலத்துக்குப் போகும். அந்த மரத்தில் ஊரே எதையாவது செய்துகொண்டது. கோழிக்கூண்டு, டீக்கடை பெஞ்சு, கக்கூஸ் கதவு. எங்கள் ஓனரம்மா ஒரு நீள ஹாலை நடுவில் தடுத்து இரண்டு வீடாக்கிக்கொண்டார். நிமிர்ந்த கட்டைகள், இரண்டு பக்கமும் பிளைவுட், மேலே நீல டிஸ்டெம்பர். பார்க்கிறவர்களுக்குச் சுவர். தட்டுகிறவர்களுக்கு மேளம்.

பலகைக்கு அந்தப் பக்கம் அவருடைய சாமி படங்கள். இந்தப் பக்கம் நானும், திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்திருந்த என் அறைத்தோழியும். எங்களுக்கு முன்னால் இருந்தவர் காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடித்தாராம். அந்தப் பக்கம் ஒரு சாமி படம் விழுந்து கண்ணாடி நொறுங்கியதாம். அன்றே அவர் சாமான் தெருவுக்கு வந்துவிட்டது. அதனால் எங்களுக்குச் சாவி கொடுத்தபோது ஓனரம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். அவருக்குக் கன்னடமும் தமிழும் ஒரே வாயில் வரும்.

"நோடம்மா, கோடெக்கு மொளெ ஹொடிபேடி. மொளெ அடிச்சா வீடு காலி. அவ்ளோதான்."

கோடெ என்றால் சுவர், மொளெ என்றால் ஆணி என்று அறைத்தோழிக்கு நான்தான் சொன்னேன்.

ஆறு மாதம் அடிக்கவில்லை. ஏழாவது மாதம் ஒரு மழை வந்தது. தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் தேங்கியது. அங்கேதான் என் புத்தகங்கள். டிப்ளமோ முடித்துவிட்டு ஸ்பீடோமீட்டர் பூட்டுகிற கம்பெனியில் சேர்ந்திருந்தேன். பகுதி நேர இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கணக்குப் புத்தகம் இரண்டு மடங்கு தடிமனாக ஊதிவிட்டது. பக்கங்களை இட்லித் துணி போலக் கொடியில் காயப்போட்டேன். இன்னொரு மழை வந்தால் படிக்க எதுவும் மிஞ்சாது. தவறாக ஓர் ஓட்டை போட்டால் அறை மிஞ்சாது. அறை போனால் எனக்குச் சொந்த ஊர் நாட்றாம்பாளையம்தான். அங்கிருந்து ஷிப்டுக்கு வர எந்த பஸ்ஸும் கிடையாது.

சுவரில் அலமாரி அடிப்பது என்று முடிவு செய்தேன். மற்ற மூன்று சுவர்களையும் ஜன்னலும் கதவும் சமையல் மேடையும் பிடித்துக்கொண்டிருந்தன. மிச்சம் அந்தப் பலகைதான். நான் யோசித்தது இவ்வளவே: உள்ளே நிமிர்ந்த கட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அதன் நடுவில் ஸ்குரூ போட்டால் எடை கட்டையில் நிற்கும், முனை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது, சாமியும் விழாது. தவிர, ஓனரம்மா சொன்னது மொளெ. ஸ்குரூ மொளெ இல்லையே!

"ஆசாரியக் கூப்பிடு" என்றாள் அறைத்தோழி.

"ஆசாரிய கூப்ட்டா ஓனரம்மாவுக்குத் தெரியாதா? நானே பண்றன்."

விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். கட்டை உள்ள இடத்தில் சத்தம் மந்தமாக வர வேண்டும். என் சுவரில் எல்லா இடமும் ஒரே டம் டம். அறைத்தோழி காதை மூடிக்கொண்டாள். "ஏட்டி, சுவத்துக்கு நெஞ்சுச் சளியா பாக்க?"

எங்கள் கம்பெனி மெயின்டனன்ஸ் அண்ணனிடம் ஒரு கருவி இருந்தது. துபாயில் இருந்த மச்சான் கொண்டுவந்தது. சோப்புப் பெட்டி அளவு, உள்ளே சதுர பேட்டரி. சுவரில் வைத்து நகர்த்தினால் கட்டை வருகிற இடத்தில் சிவப்பு விளக்கு எரியும் என்றார். ஆசையாகத்தான் இருந்தது. டீ நேரத்தில் ஆபீஸ் தடுப்பில் வைத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. நகர்த்தினேன், எரிந்தது. திரும்பி வந்தேன், அப்போதும் எரிந்தது. 'செவுரு ஈரமா இருக்குதும்மா' என்று அதற்காக அவர் வாதாடினார். பெங்களூரில் விசாரித்தால் அதன் விலை என் ஒரு மாதச் சம்பளம். இரவல் கேட்டதற்கு, "பொம்பளப் புள்ள கைக்கு இதெல்லாம் எதுக்கு? நான் வேணா வந்து பாத்துத் தர்றன்" என்றார். மழைக்கு நனைந்த சுவரைப் பார்த்து மிரளுகிற பொருள் எனக்கு எதற்கு? "பரவால்ல அண்ணா, அத பத்திரமா வெச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கட்டையைத் தேடுவானேன் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. பிளைவுட்டைக் கட்டையோடு சேர்த்துப் பிடித்திருப்பது ஆணிதானே? ஆணியைத் தேடினால் போதும். ஆணிக்குக் காந்தம் போதும். ஸ்பீடோமீட்டருக்குள் காந்தம் பூட்டி நாள் முழுக்கக் காந்தத்தோடு வேலை செய்கிறவளுக்கு இது தோன்ற இத்தனை நாளா!

"கம்பெனில குமிஞ்சு கெடக்குல்லா, ஒண்ண எடுத்துட்டு வா" என்றாள் அறைத்தோழி. கேட்டில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். அது மட்டுமில்லை, திருடிய காந்தத்தால் மாட்டிய அலமாரியில் படித்து நான் என்ன இன்ஜினியர் ஆவது?

பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாயிடம் போனேன். உடைந்த ரேடியோக்கள் ஒரு மூலையில் குவிந்திருந்தன. அவர் தோசைக்கல் அளவுக்கு ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைத் தூக்கி முன்னால் வைத்தார்.

"இத எடுத்துக்கோம்மா. செவுத்தயே இழுத்துரும்."

"செவுரு இருந்த எடத்துலயே இருக்கட்டும் பாய். ஆணி எங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

"பெருசு நல்லதா, சிறுசு நல்லதா? இது தெரியாதா உனுக்கு?"

சுவரின் கனத்துக்கு ஒரு பிளைவுட் துண்டு எடுத்துப் போயிருந்தேன். அதற்கு அடியில் ஓர் ஆணியை ஒட்டி, மேலே ஒவ்வொரு காந்தமாக ஓட்டினேன். பெரியது ஆணியிலிருந்து நாலு விரல் தள்ளியே கனக்க ஆரம்பித்தது. இங்கே என்கிறதா, அங்கே என்கிறதா, தெரியவில்லை. பாக்கெட் ரேடியோவிலிருந்து எடுத்த பொத்தான் அளவுக் காந்தம் ஆணித் தலைக்கு நேராக வந்ததும் டப்பென்று நின்றது. அதைக் கேட்டேன்.

"அதுவா? அது கொழந்தைங்க வெளயாடறது" என்றார் பாய். ஆனால் நான் வாங்கிய ஸ்குரூக்களோடு சும்மா சேர்த்துக் கொடுத்தார். கையால் சுற்றுகிற ஒரு டிரில்லையும் ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் தந்தார்.

ஞாயிறு காலை ஓனரம்மா சந்தைக்குக் கிளம்பியதும் காந்தத்தை நூலில் கட்டிச் சுவரை ஒட்டித் தொங்கவிட்டேன். நகர்த்தினேன். ஒட்டியது. சுண்ணாம்புக் கட்டியால் ஒரு புள்ளி வைத்தேன். ஒரு விரல் தள்ளி மறுபடியும் ஒட்டியது. அதற்குக் கீழே, பக்கத்தில், மேலே, குறுக்கே... எங்கே வைத்தாலும் ஒட்டியது. அரைமணி நேரத்தில் சுவர் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் புரிந்தது. இது கடையில் வாங்கிய பிளைவுட் இல்லை, பெட்டியைப் பிரித்து எடுத்தது. கடல் தாண்டி வந்த பெட்டியில் யாரோ அடித்த பழைய ஆணிகள் எல்லாம் உள்ளேயே இருந்தன. ஓனரம்மா எனக்குத் தடை போட்ட சுவரில் ஏற்கெனவே நூறு மொளெ!

"போச்சு. பேசாம மூடிட்டுப் படு" என்றாள் அறைத்தோழி.

நான் எதிர்ச்சுவர் வரை பின்னால் போய் நின்று பார்த்தேன். புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவே சில புள்ளிகள் மட்டும் சாண் சாணாக இடைவெளி விட்டு, மேலிருந்து கீழே நேராக இறங்கின. பெட்டிக்கு அடித்த ஆணிக்கு ஒழுங்கு கிடையாது. கட்டையைப் பார்த்து அடித்த ஆணி வரிசையில்தானே நிற்கும்? அப்படி நாலு வரிசைகள். நாலையும் கோடு இழுத்துச் சேர்த்தேன். முதல் இரண்டு கோடுகளில் ஸ்குரூ போடுவது என்று தீர்மானித்தேன்.

டிரில் முனையில் எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் டேப்பைச் சுற்றினேன். ஆணித் தலையிலிருந்து அரை விரல் கீழே வைத்துச் சுற்றினேன். முதலில் பிளைவுட் தூள் வந்தது. அப்புறம் முனை வெற்றிடத்தில் விழவில்லை. கெட்டியாகப் பிடித்தது. மஞ்சள் தூள் சுருள் சுருளாக வந்தது. "கட்டைடீ!" என்று கத்திவிட்டேன்.

நாலு ஸ்குரூ முறுக்கி, அலமாரிப் பலகையை மாட்டி, ஊதிப்போன கணக்குப் புத்தகத்தை அதில் வைக்கும்போது வாசலில் கூடையோடு ஓனரம்மா நின்றிருந்தார். சந்தை அவ்வளவு சீக்கிரம் முடியும் என்று யார் கண்டது?

"ஏனம்மா இது? நான் ஏனு ஹேளிதெ, என்ன சொன்னன் உனுக்கு?"

"மொளெ அடிக்கக்கூடாதுன்னு சொன்னீங்க. நான் மொளெ அடிக்கல. இது ஸ்குரூ."

"ஸ்குரூன்னா?"

ஒன்றை எடுத்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது திருப்பு மொளெ."

கன்னடத்தில் ஸ்குரூவுக்கும் மொளெ என்றுதான் பெயராம். திருப்புகிற மொளெ. ஏழு மாதமாக அந்த வார்த்தையைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தும் இது தெரியவில்லை எனக்கு.

"திருப்பு மொளெனூ மொளெனே. நாளைக்கே காலி பண்ணு."

"பண்றன். மொதல்ல உங்க பக்கம் போயி பாருங்க. ஒரு மொளெ முனை வெளிய வந்திருந்தாலும், ஒரு படம் ஆடியிருந்தாலும், நாளைக்கு எதுக்கு, இன்னிக்கே போறன்."

"ஏட்டி!" என்று அறைத்தோழி என் தாவணியைப் பிடித்து இழுத்தாள். அவள் இருப்பிடத்தையும் சேர்த்துத்தான் நான் பணயம் வைத்துக்கொண்டிருந்தேன். இருந்தும் நிறுத்தவில்லை.

மூவரும் அந்தப் பக்கம் போனோம். படங்கள் ஒன்றுகூட அசையவில்லை. ஓனரம்மா அதை நம்பவில்லை. படங்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி, மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி தடவினார். ஓரிடத்தில் கை நின்றது. நகத்தால் சுரண்டினார். டிஸ்டெம்பர் கட்டி உதிர்ந்தது. மறுபடியும் தடவினார்.

"மொளெ எல்லி?" என்றார் கடைசியில்.

"கட்டைக்குள்ள."

"கட்டை எல்லின்னு உனுக்கு எப்படித் தெரியும்?"

பொத்தான் காந்தத்தை நூலோடு அவர் பக்கச் சுவரில் தொங்கவிட்டேன். டப்பென்று ஒட்டியது. அவர் அதைப் பிய்த்தார், விட்டார், மறுபடியும் ஒட்டியது. சிரிப்பு வந்ததை மறைக்கத் திரும்பிக்கொண்டு படங்களை மாட்டத் தொடங்கினார்.

"இருக்கட்டும். ஆனா இன்னொரு மொளெ போட்ட, அப்பறம் பேச்சே இல்ல. காலி."

"சரிங்கம்மா" என்றேன்.

எங்கள் பக்கம் வந்து புள்ளிகளையும் ஸ்குரூ போட்ட இரண்டு கோடுகளையும் ஈரத்துணியால் துடைத்தேன். அலமாரி நிறைந்துவிட்டது, கட்டிலுக்கடியில் இன்னும் பாதிப் புத்தகங்கள் இருந்தன. சுவரில் மிச்சமிருந்த இரண்டு கோடுகளை மட்டும் நான் அழிக்கவில்லை.