சைக்கிள் கொட்டிலில் பானைகள்

எங்கள் பாடசாலையின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. அதில்தான் சித்திரத்தைப் பாடமாக எடுத்த பிள்ளைகளுக்குக் களிமண் வேலை பழக்குகிறேன். அதிபருக்கு அந்த இடம் பிள்ளைகளின் சைக்கிள்களை நிறுத்த வேண்டியிருந்தது. நான் வந்த நாளிலிருந்தே அவர் கண் அதன்மேல்தான். ஒருநாள் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டார்.

“டீச்சர், கண்காட்சி வருது. மண் வேலையில நாலு சாமானாவது நிமிர்ந்து நிக்கவேணும். இல்லாட்டிக் கொட்டிலைச் சைக்கிளுக்குத் தாங்கோ. பிறகு கதை இல்லை.”

“நிக்கும் சேர்,” என்றேன். யோசித்துப் பேசும் பழக்கம் எனக்குப் பிறவியிலேயே இல்லை.

எங்களிடம் சக்கரம் கிடையாது. எல்லாம் கைதான். களியைக் கயிறாக உருட்டி, வளைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, விரலால் தடவி ஒட்டவேண்டும். முசலிப் பக்கத்துக் குளத்துக் களி நல்ல பசை. தனியே வைத்தால் காயும்போதே பிளந்துவிடும். அதனால் மணல் கலக்கவேண்டும். “நாளைக்கு எல்லாரும் மணல் கொண்டுவாங்கோ,” என்றேன். எங்கள் அரிப்புக் கிராமத்துப் பிள்ளைகள் மணலுக்கு எங்கே போவார்கள்? வீட்டு வாசல் படலையைத் திறந்தால் கடற்கரை. ஆளுக்கொரு பை வந்தது, வெள்ளை வெளேரென்று. முத்துக் குளித்த கரை அல்லவா, மணலில் பாதி சிப்பித் தூள். வடிவாகத்தான் இருக்கிறது என்று நானும் கலக்கவிட்டேன்.

அன்றைக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி வரவில்லை. வாளியோடு கிணற்றுக்குப் போன பிள்ளைகளில் ஒருத்தி, அங்கே ஆட்கள் வரிசையில் நிற்பதைக் கண்டதும் திரும்பிக் கடலில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். தன் களி முழுவதையும் குழைத்து முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

“உனக்கென்ன விசரோ? ஆராவது உப்புத் தண்ணியில களி குழைப்பினமோ?”

“கடலும் தண்ணிதானே டீச்சர்,” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப்போய் இன்னும் கூடுதலாக ஏசிவிட்டேன். அவள் செய்த பானை காயக் காய வெள்ளை பூத்தது. முகம் நிறையப் பவுடர் அப்பியதுபோல் இருந்தது. அதைக் கொட்டிலின் அடுக்குத் தட்டின் கடைசியில், மற்றவற்றுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

மைதான ஓரத்தில் குழி வெட்டி, சிரட்டையும் பனைமட்டையும் அடுக்கி, அதையும் சேர்த்துச் சுட்டோம். மறுநாள் சாம்பலை விலக்கினால், அம்மாடி! அது ஒன்றைத் தவிர அத்தனையும் செக்கச்செவேல். சுண்டினால் கணீரென்றது. எல்லாவற்றையும் தட்டில் அடுக்கினேன், வெள்ளையைப் பழையபடி கடைசியில். தாழ்வுபாட்டில் இருக்கும் என் வீட்டுக்குப் போகும்போது, பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்காவுக்கு முழுக்கதையும் சொன்னேன். அவ என்னிடம் ஒன்றும் கேட்கவே இல்லை.

சனி ஞாயிறு கழிந்து கொட்டிலைத் திறந்தேன். நிலமெல்லாம் சிவப்புச் செதில். பானைகளில் குழி குழியாகக் கொத்துண்டு கிடந்தது. ஒன்றைத் தூக்கினேன், வாய்ப்பகுதி கையோடு வந்தது. ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு வெள்ளைப் பொட்டு.

“டீச்சர், சிப்பியைச் சுட்டால் சுண்ணாம்புதானே,” என்றான் ஒருவன் மெதுவாக. “காத்தில ஈரம் பட்டால் ஊதி வெடிக்கும்.”

“அட, அதை முதலே சொன்னால் வாய் நொந்திடுமோ?” என்று கத்தினேன். சுண்ணாம்புச் சங்கதி இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். பானைக்குள் போன சிப்பியும் அதே சிப்பிதான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்து.

அப்போதுதான் தட்டின் கடைசியைப் பார்த்தேன். அந்தப் பவுடர் மூஞ்சி அப்படியே நின்றது. ஒரு செதில் இல்லை. சுண்டினேன், கணீரென்றது.

“நீ மணல் எங்க எடுத்தனீ?”

“எல்லாரும் எடுத்த இடத்திலதான் டீச்சர்.” அவள் ஓரடி பின்னால் போனாள். மறுபடி ஏச்சு விழப்போகிறது என்று நினைத்திருப்பாள்.

மணலும் நெருப்பும் ஒன்றுதான். தண்ணீர் மட்டும்தான் வேறு. உப்பு எப்படிச் சுண்ணாம்பை ஊதவிடாமல் தடுத்தது என்று விஞ்ஞான ஆசிரியர் பிறகு விளக்கினார். எனக்குப் பாதிதான் ஏறியது. அன்றைக்கு எனக்கு விளக்கமும் தேவைப்படவில்லை. “வாளியளை எடுங்கோ எல்லாரும்,” என்றேன். “கடலுக்குப் போறம்.”

அதிபர் வந்து உடைந்ததையெல்லாம் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையிலேயே இரக்கம் தெரிந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“விடுங்கோ டீச்சர். பிள்ளையளுக்கும் அலைச்சல்.”

“கண்காட்சி இன்னும் வரேல்லையே சேர்.”

பள்ளி விட்ட பிறகும் பிள்ளைகள் இருந்து செய்தார்கள். இடையில் உம்மாமாரும் அம்மாமாரும் தேடி வந்தார்கள். அவர்களுக்கும் ஒரு பிடி களி கொடுத்து உருட்டவிட்டேன். குழைக்கும் களியை எல்லாம் நாக்கில் வைத்து உப்புப் பார்க்கும் வேலை அந்தப் பிள்ளைக்குத்தான். உப்புப் போதாது என்று என் களியையே திருப்பி அனுப்பினாள். கடற்காற்று ஈரத்தோடு வந்ததால் பானைகள் காயப் பிந்தியது. பொறுத்திருந்து சுட்டோம். அதற்குப் பிறகு, கண்காட்சி நாள்வரைக்கும், ஒவ்வொரு காலையும் கொட்டில் பூட்டைத் திறந்ததும் முதலில் நிலத்தைத்தான் பார்த்தேன். ஒரு செதில்கூட விழவில்லை.

கண்காட்சியன்று மேசை நிறையப் பானைகள் நின்றன, எல்லாம் வெள்ளை பூத்தபடி. முன்வரிசை நடுவில் அவளுடைய பழைய பானையை வைத்தேன். அதிபர் அதைத்தான் தூக்கினார். திருப்பிப் பார்த்தார். விரலால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார். பானையை வைத்துவிட்டு வாசல்வரை போனவர் நின்றார்.

“டீச்சர், பிள்ளையளின்ர சைக்கிளை வேம்புக்குக் கீழ விடச் சொல்லுங்கோ. அங்க நல்ல நிழல்.”

திரும்பி அந்தப் பிள்ளையைத் தேடினேன். அவள் அடுத்த களிக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.